நடுவில் வரும் பந்து யாருக்கு?

எங்கள் ஊர் டென்னிஸ் கோர்ட்டில் காலை ஆறு மணி ஆட்டம் என்றால் அது டபுள்ஸ்தான், பக்கத்துக்கு இருவர். இருப்பது ஒரே கோர்ட், வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். இதில் இரண்டு பேர் மட்டும் இறங்கி சிங்கிள்ஸ் ஆடினால் மற்றவர்கள் முறைப்பார்கள். நான் முதன்முதலாக டபுள்ஸ் ஆடிய அன்று பார்ட்னராக வாய்த்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் கேமிலேயே ஒரு பந்து, பெரிய வேகமெல்லாம் இல்லை, எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில் வந்தது. சார் எடுப்பார் என்று நான் நின்றேன். தம்பி எடுத்துக்குவான் என்று அவர் நின்றார். பந்து எங்கள் மரியாதைக்கு நடுவே நிதானமாகப் போய்ப் பின்னால் இருந்த கம்பி வேலியில் மோதியது.

"ஸாரி சார்."

"பரவால்ல தம்பி, நானும் பார்த்துட்டே நின்னுட்டேன்."

இதே உரையாடல் அன்று ஆறேழு முறை நடந்தது. 6-1 என்று தோற்றோம்.

எதிரில் ஆடியவர்களில் ஒருவருக்கு முழங்காலில் பட்டை. இன்னொருவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. தனித்தனியாக சிங்கிள்ஸ் ஆடினால் இருவரையும் என்னால் ஜெயிக்க முடியும், ஜெயித்தும் இருக்கிறேன். அப்புறம் எப்படி இது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்குப் பிடிபட்டவற்றை, மட்டையைப் பிடிக்கப் பழகி இப்போது டபுள்ஸுக்கு இழுக்கப்பட்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஃபோர்ஹேண்ட் எப்படி அடிப்பது என்றெல்லாம் இதில் இருக்காது. எங்கே நிற்பது, யார் எடுப்பது, எப்போது வாயைத் திறப்பது, அவ்வளவுதான்.

முதலில் நிலத்தை அளந்துவிடுவோம். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. சிங்கிள்ஸுக்கு அகலம் 27 அடி. டபுள்ஸில் இரண்டு ஓரங்களிலும் நாலரை அடிப் பட்டைகள், டிராம் லைன் என்று சொல்வார்களே அவை, சேர்ந்துகொள்ள மொத்தம் 36 அடி ஆகிறது. சிங்கிள்ஸில் ஓர் ஆள் 27 அடியைக் காக்க வேண்டும்; டபுள்ஸில் ஆளுக்கு 18 அடி. மூன்றில் ஒரு பங்கு வேலை குறைந்துவிட்டது. கையையும் மட்டையையும் நீட்டினால் நின்ற இடத்திலிருந்தே ஒரு பக்கம் நாலு அடிக்கு மேல் எட்டும். ஓர் எட்டு எடுத்து வைத்தால் இன்னும் மூன்று அடி. சரியான இடத்தில் நிற்கும் இருவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது உண்மையில் கஷ்டமான காரியம். தவறான இடத்தில் நிற்பதால்தான் அது சுலபமாகிறது.

முழங்கால் பட்டைக்காரர் ஜெயிப்பதும் இதனால்தான். இந்தியாவின் ரோஹன் போபண்ணா 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 43. இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு அவர் வந்ததும் அந்த வயதில்தான். சிங்கிள்ஸில் இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க முடியுமா?

இரண்டும் வேறு வேறு ஆட்டம் என்பதற்கு நம்மூர்க்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1966-இல் மெல்போர்னில் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 4-1 என்று தோற்றது. ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஆடிய நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் போயின. கிடைத்த அந்த ஒரு வெற்றி, அதே இருவரும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டம். எதிரில் நின்றவர்கள் ஜான் நியூகோம்பும் டோனி ரோச்சும். முந்தைய ஆண்டுதான் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றிருந்தவர்கள்.

அளவில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. நெட்டின் உயரம் நடுவில் 3 அடி, ஓரக் கம்பத்தில் மூன்றரை அடி. ஓரக்கோட்டை ஒட்டி நேராக அடித்தால் பந்து உயரமான இடத்தைத் தாண்ட வேண்டும். விழுவதற்கும் இடம் குறைவு. மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அடித்தால் நெட் தாழ்வாக இருக்கும் நடுப்பகுதியைத் தாண்டிப் போகிறது. தூரமும் கிட்டத்தட்ட 86 அடி. எட்டு அடி கூடுதல் இடத்தை யாரோ இனாமாகக் கொடுத்த மாதிரி. குறுக்கே அடிப்பதுதான் டபுள்ஸின் சோறு. மற்றதெல்லாம் கூட்டு, பொரியல்.

நான்கு பேர், நான்கு வேலை

சர்வ் போடுபவர், அதாவது பந்தை முதலில் அடித்துத் தொடங்குபவர், கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனில் நிற்பார். சிங்கிள்ஸில் நிற்பதுபோல நடுக்குறியை ஒட்டாமல், நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில். அந்த சர்வைத் திருப்பி அடிப்பவர், அதாவது ரிட்டர்ன் எடுப்பவர், அவருக்குக் குறுக்கே, எதிர் பேஸ்லைன் பக்கம். இந்த இருவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பந்து அவர்களைத் தேடி வந்துவிடும். பந்து தன்னிடம் வராத மற்ற இருவரிடம்தான் டபுள்ஸே இருக்கிறது. அவர்கள்தான் முதல் வருடம் முழுக்கச் சும்மா நிற்பவர்கள்.

சர்வ் போடுபவரின் பார்ட்னர் நெட்டிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளி, தன் பக்க சர்வீஸ் கட்டத்தின் (எதிராளியின் சர்வ் விழ வேண்டிய கட்டம்) நடுவில் நிற்க வேண்டும். புதிதாக ஆடுபவர் அங்கே நிற்க மாட்டார். தன் ஓரத்தில் நேராக ஒரு அடி வந்துவிடுமோ என்ற பயத்தில் டிராம் லைனுக்குள் போய் நின்றுகொள்வார். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த வாட்ச்மேன் மாதிரி. பின்கதவு அகலமாகத் திறந்திருக்கும். நேராக ஓரத்தில் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேலே பார்த்தோம். அந்தக் கஷ்டமான அடியை எதிராளி நாலைந்து தடவை முயன்று ஒரு தடவை ஜெயிக்கட்டுமே. அதற்குக் கைதட்டிவிட்டு மீண்டும் நடுவிலேயே நிற்பதுதான் லாபம்.

ரிட்டர்ன் எடுப்பவரின் பார்ட்னர் நிற்குமிடம் அந்தக் கட்டத்தின் பின்கோடான சர்வீஸ் கோட்டருகே. நால்வரில் மிகவும் ஆபத்தான இடம் இது. தன் ஆள் ரிட்டர்னைக் கொஞ்சம் சுமாராக எடுத்தாலும் எதிர் நெட்காரர் பாய்ந்து இவர் காலடியில்தான் அடிப்பார். இருவருக்கும் இடையே எட்டொன்பது மீட்டர்தான். சுமாரான வேகத்தில் அடித்த பந்துகூட அரை விநாடியில் வந்துவிடும். இதில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, தன் பார்ட்னர் எப்படி அடிக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பது. பார்த்து என்ன ஆகப்போகிறது? சர்வ் உள்ளே விழுந்ததா என்று பார்த்துச் சொன்ன அடுத்த கணம் கண் எதிர் நெட்காரரின் மேல் இருக்க வேண்டும். அவர் மட்டையைத் தூக்குகிறாரா, அப்படியே நிற்கிறாரா என்பதிலேயே பந்து எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். அவரைத் தாண்டிப் பந்து போய்விட்டால் இரண்டு எட்டு முன்னேறலாம். அவர் கைக்குப் போனால் பின்வாங்கி நடுவை அடைக்க வேண்டும்.

இப்படி ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நிற்பதுதான் பொழுதுபோக்கு ஆட்டத்தில் தொண்ணூறு சதவீத நேரம் காணும் காட்சி. தொடங்குவதற்கு இது சரிதான். அப்படியே தங்கிவிடுவதில்தான் பிரச்சினை. முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையே சாய்வாக ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எதிரில் நெட்டில் நிற்பவர் அந்த ஓட்டையில் பந்தைத் தட்டிவிட்டால் இருவராலும் எட்ட முடியாது. குட்டையான பந்து ஒன்று கிடைத்தால் பின்னவரும் முன்னே வந்து பார்ட்னருக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ஓட்டையை அடைக்கும் வழி. எப்போது போவது என்று கேட்டால், பந்து சர்வீஸ் கோட்டுக்கு உள்ளே விழும்போது. எப்படியும் அதை எடுக்க முன்னே ஓடித்தானே ஆக வேண்டும், திரும்பி ஏன் வருவானேன்? இருவரும் பேஸ்லைனுக்குப் பின்வாங்கி நிற்பதையும் தோல்வி என்று நினைக்க வேண்டாம். எதிராளிகள் இருவரும் நெட்டில் ஏறி அடித்துத் துவைக்கும்போது பின்னால் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, பந்தை அவர்கள் தலைக்கு மேல் உயரமாகத் தூக்கி ஒரு லாப் போடுவது புத்திசாலித்தனம்.

புறம்போக்கு

சரி, நடுவுக்கு வருவோம். ஓரங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. இடது ஓரம் இவருடையது, வலது ஓரம் அவருடையது, அதில் சண்டையே வராது. நடுப்பகுதி மட்டும் புறம்போக்கு நிலம் மாதிரி. இருவருக்கும் பாத்தியதை இருப்பதால் இருவரும் வேலி போடுவதில்லை. நெட் மிகத் தாழ்வாக இருப்பதும் அங்கேதான். அங்கே வந்த பந்தைத் திருப்பி அடிப்பவருக்குக் கோணமும் கிடைப்பதில்லை. நடுவிலிருந்து எந்த ஓரத்துக்கும் கூர்மையாக அடிக்க முடியாது. ஆக, எதிராளி நடுவில் அடித்தால் அவருக்கு மூன்று லாபம்: நெட்டில் மாட்டாது, திரும்பி வருவது சாதுவாக வரும், நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடும். அந்த முழங்கால் பட்டைக்காரர் அன்று காலை செய்தது இதைத்தான், வேறு மாயமில்லை.

யார் எடுப்பது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விதி சொல்வார்கள். நடுப்பந்து யாருடைய ஃபோர்ஹேண்டில், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம், வருகிறதோ அவர் எடுக்கட்டும் என்பது ஒன்று. இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் இடப்பக்கம் நிற்பவர் எடுக்க வேண்டும். நெட்டுக்கு யார் நெருக்கமோ அவர் எடுக்கட்டும், பந்து முதலில் அவரிடம்தானே வருகிறது என்பது இன்னொன்று. பந்தை அடிப்பவருக்குக் குறுக்கே எதிரில் இருப்பவர் எடுக்கட்டும், ஏனென்றால் நேர் எதிரில் இருப்பவர் தன் ஓரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்து வரும் அரை விநாடியில் மூன்று விதிகளை வைத்துப் பட்டிமன்றம் நடத்த முடியாது. தொடங்குபவர்கள் ஃபோர்ஹேண்ட் விதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. அதுவும் முதல் சர்வுக்கு முன்பே வாய் விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்: "சார், நடுவில வர்றது எல்லாம் நான் எடுத்துக்கிறேன்." இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எனக்குப் பல மாதங்கள் தோன்றியது. சொல்லாமல் இருந்து அவரைத் தோற்க வைத்தது மட்டும் பெரிய மரியாதையா?

பார்ட்னர் இடது கைக்காரர் என்றால் கதை மாறும். நிற்கும் பக்கத்தைப் பொறுத்து, நடுவில் இரண்டு ஃபோர்ஹேண்டுகள் இருக்கும் அல்லது இரண்டு பேக்ஹேண்டுகள் இருக்கும். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்கள் இரட்டைப் பிறவிகள். பாப் இடது கை, மைக் வலது கை. 16 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களைச் சேர்ந்து வென்றார்கள். அவர்கள் பிறந்த நாளிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், நமக்கு அந்த வசதி இல்லை. நாம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொள்வதுதான் வழி.

நடுவைக் காப்பதில் நிற்பதைவிட நகர்வது முக்கியம். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடப்பக்கம் இழுத்தால் மற்றதும் இடப்பக்கம் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் வண்டி குடை சாயும். பந்து எதிராளியின் எந்த மூலையில் இருக்கிறதோ, நாம் இருவரும் அந்தப் பக்கமாக இரண்டு எட்டு சாய வேண்டும். உதாரணத்துக்கு நான் இடப்பக்கம் நெட்டில் நிற்கிறேன், பந்து எனக்கு நேர் எதிர் மூலையில் இருக்கிறது. நான் என் ஓரக்கோட்டை நோக்கி நகர்கிறேன். வலப்பக்கம் நிற்கும் பார்ட்னர் தன் ஓரத்தை விட்டுவிட்டு நடுவுக்கு வருகிறார். அவருடைய வலது ஓரம் இப்போது காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும். அந்த மூலையிலிருந்து அந்த ஓரத்துக்கு அடிக்க மிகக் கூர்மையான கோணம் வேண்டும். நம் கிளப்பில் அதை அடிக்கக்கூடியவர் எத்தனை பேர்? எதிராளிக்கு மிகக் கஷ்டமான அடி எதுவோ அதைத் திறந்து வைத்துவிட்டு, சுலபமானவற்றை மூடுவதுதான் கணக்கு. முதலில் இது மனதுக்கு ஒப்பாது. காலி இடத்தைப் பார்த்தால் கால் தானாக அங்கே போகப் பார்க்கும்.

இதையெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டால் தாக்கும் முறை வந்துவிடும். எதிராளிகள் இருவரும் நெட்டில் நின்றால் அவர்களுக்கு நடுவே, முடிந்தவரை தாழ்வாக அடியுங்கள். ஓரத்தில் கோலம் போடும் ஆசையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். எதிரில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்றால் ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது: பின்னவர் பின்னவருக்கு அடிக்கட்டும், முன்னவர் முன்னவருக்கு அடிக்கட்டும். பேஸ்லைனிலிருந்து அடிப்பவர் நெட்காரரைத் தவிர்த்துக் குறுக்கே நீளமாக அடிக்கிறார். நெட்டில் இருப்பவர் கைக்குப் பந்து வந்தால், எதிரில் அருகே நிற்பவரின் காலடியிலோ அந்தச் சாய்வு ஓட்டையிலோ தட்டுகிறார். காலடியில் என்றுதான் சொன்னேன். முகத்துக்கு நேரே ஓங்கி அடிப்பவருக்கு அடுத்த வாரம் ஆட ஆள் கிடைக்காது.

சர்வும் பாய்ச்சலும்

டபுள்ஸில் சர்வ் என்பது பாயிண்ட் எடுக்கும் ஆயுதம் என்பதைவிட, நெட்டில் நிற்கும் பார்ட்னருக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை என்று சொல்லலாம். அதனால் முதல் சர்வை முழு பலத்தோடு அடித்து நெட்டில் போட்டுவிட்டு, இரண்டாவதைக் கெஞ்சிக் கெஞ்சிப் போடுவதைவிட, முக்கால் வேகத்தில் முதல் சர்வையே உள்ளே போடுவது நல்லது. இரண்டாவது சர்வ் என்றதும் எதிராளி இரண்டு எட்டு முன்னே வந்து நிற்பார், நம் நெட்காரருக்கு வயிறு கலங்கும்.

எங்கே போடுவது? சந்தேகமிருந்தால் நடுக்கோட்டை ஒட்டி. அங்கே விழும் சர்வுக்கு ரிட்டர்ன் கோணமில்லாமல் நடு வழியாகத்தான் வரும், நெட்டில் நிற்பவர் ஓர் எட்டில் அதைப் பிடித்துவிடலாம். ஓரமாகப் போட்டால் எதிராளி கோர்ட்டுக்கு வெளியே போவார், உண்மைதான். ஆனால் அங்கிருந்து நெட்காரரின் ஓரத்தில் நேராக அடிக்க அவருக்கு வழி திறக்கிறது. ஓரத்தில் போடப்போகிறேன் என்று முன்பே சொல்லிவிட்டால் பார்ட்னர் டிராம் லைன் பக்கம் ஓர் எட்டு நகர்ந்து அதை அடைத்துவிடுவார். சொல்லாமல் போட்டால் பழி அவர் மேல் விழும், தப்பு நம்முடையது.

நெட்டில் இருப்பவர் தன் பக்கத்தை விட்டுப் பார்ட்னரின் பக்கம் பாய்ந்து ரிட்டர்னை வெட்டுவதைப் போச் என்பார்கள். அடுத்தவன் காட்டில் திருட்டு வேட்டையாடுவதற்கான ஆங்கிலச் சொல் அது. டபுள்ஸில் இது திருட்டில் சேராது, பார்ட்னரே பார்த்து மகிழ்வார். பாய்வதில் இரண்டு விஷயங்கள் பழக வேண்டும். ஒன்று, நெட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடாமல், நெட்டை நோக்கிச் சாய்வாக ஓட வேண்டும். அப்போதுதான் பந்து உயரமாக இருக்கும்போதே கிடைக்கும். இரண்டு, எதிராளி அடிக்க மட்டையை வீசத் தொடங்கிய பிறகு கிளம்ப வேண்டும். முன்பே கிளம்பினால் அவர் காலியான இடத்தைப் பார்த்து அடித்துவிடுவார். கிளம்பிவிட்டால் பாதியில் நிற்கக் கூடாது. பாதியில் நிற்பவர் தன் பக்கத்திலும் இல்லை, பார்ட்னர் பக்கத்திலும் இல்லை. இவர் போன பிறகு காலியாகும் பக்கத்துக்குப் பின்னவர் ஓட வேண்டும், நுகத்தடி ஞாபகம் இருக்கட்டும்.

தொலைக்காட்சியில் நெட்காரர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாய்வேனா மாட்டேனா என்பதைச் சர்வ் போடுபவருக்குச் சொல்லும் சைகை அது. நமக்கு அது தேவையில்லை. பாயிண்டுகளுக்கு இடையில் அருகே போய்க் காதோடு சொன்னால் போதும். பாய்ந்த பந்துகளில் பாதி தவறும். தவறினாலும் பயன் உண்டு: இனிமேல் ரிட்டர்ன் எடுப்பவர் பந்தைப் பார்ப்பதா, நெட்காரரைப் பார்ப்பதா என்று குழம்புவார். சும்மா தோளை அசைத்துப் பாய்வதுபோல நடித்துவிட்டு நின்றாலே சிலர் பந்தை வெளியே அடித்துவிடுவார்கள். இதில் எனக்குக் கிடைக்கும் அற்பச் சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

மாமாக்களின் ஆயுதம்

இளவட்டங்கள் லாப் போடுவதை இளக்காரமாக நினைப்பார்கள். அறுபது வயதுக்காரர்கள் இருவரிடம் ஒரு செட் ஆடிப் பாருங்கள், இளக்காரம் போய்விடும். நெட்டில் நிற்பவரின் தலைக்கு மேல், மட்டை பிடிக்காத தோள் பக்கமாக, உயரமாக ஒரு பந்து. காலையில் சூரியன் வாட்டமாக இருந்தால் இன்னும் மோசம். எதிர்ப் பக்கத்து ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு பந்தில் கலைந்துவிடும்.

நம் தலைக்கு மேல் லாப் வந்தால் என்ன செய்வது? முன்னவர் எட்டிப் பிடிக்க முடியுமென்றால் "எனக்கு" என்று கத்திவிட்டு மேலிருந்து ஓங்கி ஸ்மாஷ் அடிக்கலாம். முடியாது என்றால் "மாத்து" என்று கத்த வேண்டும். பின்னால் இருப்பவர் குறுக்கே ஓடி அந்தப் பந்தை எடுப்பார், முன்னவர் அவர் விட்டுப்போன பக்கத்துக்கு மாறுவார். மாறியதும் நெட்டிலேயே நிற்காமல் சர்வீஸ் கோட்டுக்காவது பின்வாங்குவது நல்லது. ஓடிப்போய் எடுக்கும் பந்து பெரும்பாலும் பலவீனமாகத்தான் திரும்பும், அடுத்து என்ன வரும் என்று யூகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். அதேபோல, நீங்கள் போட்ட லாப் குட்டையாகிவிட்டது என்று தெரிந்த கணமே "ஷார்ட்" என்று கத்திவிடுங்கள். நெட்டில் உங்கள் பார்ட்னர் முதுகைக் காட்டி நிற்கிறார், அவருக்குத் தெரியாது. எதிராளி ஸ்மாஷுக்கு மட்டையைத் தூக்கியிருக்கிறார்.

இடையில் ஓர் எச்சரிக்கை. லாபைத் துரத்தும்போது நெட்டைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் கால் வைத்துப் போகாதீர்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஓடுங்கள். மண் கோர்ட்டானாலும் சிமெண்ட் கோர்ட்டானாலும் பின்பக்கமாக விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டுதான் முதலில் போகும். எங்கள் கிளப்பிலேயே அப்படிக் கட்டுப் போட்டு வந்தவர் உண்டு.

பேச்சு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நான்கைந்து சொற்கள் போதும்: எனக்கு, உங்களுக்கு, விடுங்க, மாத்து, ஷார்ட். "விடுங்க" என்பது வெளியே போகும் பந்துக்கு. பின்னால் இருப்பவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும், ஆகவே அவர்தான் சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள் சத்தம் போடக் கூச்சமாக இருக்கும். பக்கத்து கேரம் போர்டில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

சொல்லக் கூடாத பேச்சும் உண்டு. பாயிண்ட் போன உடனே பார்ட்னருக்குப் பாடம் எடுப்பது. "முழங்கையை உள்ள வச்சு அடிங்க சார்" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நாற்பதுக்கு முப்பது என்று நிற்கும்போது அவர் முழங்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் அடுத்த பந்தும் போச்சு. அடுத்து என்ன செய்யலாம் என்பதை மட்டும் பேசலாம்: "அவர் லாப் போட்டுட்டே இருக்கார், நான் ஒரு எட்டு பின்னால நிக்கிறேன்." பெருமூச்சு விடுவது, வானத்தைப் பார்ப்பது, மட்டையின் நரம்பைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொள்வது, இவையெல்லாமும் பேச்சுதான். பார்ட்னருக்கு அது கேட்கும். எதிராளிக்கும் கேட்கும், அடுத்த நாலு பந்தையும் அவரிடமே அனுப்புவார்.

யார் எந்தப் பக்கம் என்பதையும் தொடக்கத்தில் பேசிவிட வேண்டும், ஒரு செட் முழுக்க ரிட்டர்ன் எடுக்கும் பக்கத்தை மாற்ற முடியாது. கேம் முடியும் பாயிண்டுகளில் 40-15, 15-40 தவிர மற்ற எல்லாம் இடப்பக்கத்தில்தான் வரும். அதனால் பதறாத ஆளை இடப்பக்கம் வைப்பார்கள். இருவரில் யார் கெட்டிக்காரர் என்பதைவிட யார் பதறமாட்டார் என்று பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சர்வ் வரிசையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 1, 3, 5 என்று ஒற்றைப்படை கேம்களுக்குப் பிறகு பக்கம் மாறுவதால், ஒரு செட்டில் ஒருவர் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். காலைச் சூரியன் ஒரு முனையில் கண்ணைக் குத்துகிறது என்றால் இருவரில் ஒருவர் செட் முழுக்க அதை அனுபவிக்க வேண்டும். பந்தைத் தாழ்வாகத் தூக்கிப் போட்டு சர்வ் செய்பவரோ இடது கைக்காரரோ அந்த முனையை எடுத்துக்கொள்வது உத்தமம். இது தெரியாமல் ஒரு வருடம் நான் சூரிய நமஸ்காரம் செய்துகொண்டிருந்தேன்.

கோட்டுச் சண்டைக்கும் ஒரு வரி. நடுவர் இல்லாத ஆட்டத்தில் நம் பக்கத்துக் கோட்டை நாம் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாக. பார்ட்னர்கள் இருவரில் ஒருவர் உள்ளே என்றும் மற்றவர் வெளியே என்றும் சொன்னால் பந்து உள்ளேதான். உங்கள் பார்ட்னர் நேர்மையாக "உள்ளதான் விழுந்துச்சு" என்று சொல்லும்போது முறைக்காதீர்கள்.

அந்த வங்கி மேலாளரும் நானும் இப்போதும் செவ்வாய், வியாழன் சேர்ந்து ஆடுகிறோம். நான் இடப்பக்கம், நடுப்பந்து எனக்கு என்று பேச்சு. போன வாரம் 5-4, டியூஸ், அதாவது அந்த கேமில் 40-40. பந்து நடுவில் வந்தது. "எனக்கு!" என்று நான் கத்தினேன். அதே நொடியில் "எனக்கு!" என்று அவரும் கத்தினார். இருவரும் பாய்ந்தோம், மட்டைகள் மோதிக்கொண்டன, பந்து கோணல்மாணலாக எழும்பி நெட்டின் மேல் விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு எதிர்ப் பக்கம் விழுந்தது. முழங்கால் பட்டைக்காரர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார், "ரெண்டு பேர் மட்டையிலயும் பட்டுதா சார்?" பட்டிருந்தால் பாயிண்ட் அவர்களுக்கு, ஒருவர் மட்டையில் மட்டும் என்றால் எங்களுக்கு, மட்டைகள் மோதியதெல்லாம் கணக்கில் வராது.

"பந்து என் மட்டைல மட்டும்தான் பட்டுச்சு" என்றார் எங்கள் மேலாளர். "தம்பி மட்டை என் விரல்ல பட்டுச்சு."